யாழ்ப்பாணம் வரமுன் எதை வாசிப்பது: வைபவமாலையா, பால்தேயுவா, பல்கலைக்கழகமா?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு நாள் நெருங்க, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கமிருந்து வரும் அழைப்புகளில் வழமையான கேள்விகள் இருக்கும். பலாலிக்கு நேரே பறக்கலாமா, கொழும்பில் இறங்கி ரயில் பிடிக்கிறதா, வெயில் தாங்குமா, பிள்ளைகளுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணி ஒத்துவருமா என்பவை அவை. இப்போது கொஞ்சக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "அண்ணை, வரமுதல் யாழ்ப்பாணச் சரித்திரம் ஏதாவது வாசிச்சுப்போட்டு வருவம் எண்டு பாக்கிறம். எதை வாசிக்கலாம்?"

கேட்பது பெரும்பாலும் சின்ன வயதில் வெளிக்கிட்டவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். நல்ல கேள்விதான். ஆனால் இதற்கு இருபது புத்தகப் பெயரை எழுதி அனுப்புவது உதவி செய்வது மாதிரிக் கைகழுவுவது. மூன்று கிழமை லீவில் வருகிறவருக்கு வாசிக்கக் கிடைப்பது சில இரவுகளும் விமானத்தில் நித்திரை வராத நேரமும்தான். அதற்குள் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஆகவே எதை விடுவது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நான் பார்க்கிற அளவுகோல், அந்த இடத்தில் போய் நிற்கும்போது இந்தப் புத்தகம் ஏதாவது காட்டித் தருமா என்பது. வரலாறு சரியா பிழையா என்பதும் முக்கியம்தான், அது அடுத்தபடி. பரீட்சைக்கு வாசிக்கிறவருக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்கும். இது ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு.

முதலில் எல்லோர் வாயிலும் வரும் பெயர், யாழ்ப்பாண வைபவமாலை. மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 அளவில், ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் கேட்டதற்கிணங்க எழுதியது. சின்ன நூல், வசன நடை. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்று தனக்கு முந்தியவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். இவற்றில் சில இன்று கிடைப்பதேயில்லை. அவற்றில் என்ன இருந்தது என்பதற்கு இந்த நூல்தான் மிச்சம். தமிழ் பழையதுதான், ஆனாலும் பழைய ஆட்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பத்துப் பக்கம் தாண்டினால் பிடிபட்டுவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு பிரிட்டோ 1879 இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

இதன் பலம், நீங்கள் போகப்போகும் இடமெல்லாம் இதில் இருக்கிறது. குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடி முகம் மாறியதும், மாவிட்டபுரத்தில் கோயில் எழுந்ததும், கண் தெரியாத யாழ்ப்பாணர் ஒருவர் யாழ் வாசித்து இந்த மணற்றிடலைப் பரிசாகப் பெற்றதும், காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்துச் சங்கிலி பிடிபட்டதும் எல்லாம் இங்கேயிருந்துதான் வருகின்றன. கீரிமலைக் கேணிப் படியில் உட்கார்ந்திருக்கும் எந்த ஆச்சியைக் கேட்டாலும் அந்தக் குதிரைமுகக் கதையைச் சொல்லுவா. அவ புத்தகம் வாசித்தவ இல்லை. நூலுக்கு முந்தியே ஊரில் இருந்த கதை நூலுக்குப் போய், நூலிலிருந்து திரும்பவும் ஊருக்கு வந்திருக்கிறது. அதனால் இதை வாசித்துவிட்டு வருகிறவர் ஊர்ச் சனத்தோடு கதைக்கலாம். மற்ற எந்த நூலும் இந்த வசதியைத் தராது.

பலவீனத்தை மறைக்கத் தேவையில்லை. காலக்கணக்கு நம்பத்தக்கதல்ல. 1519 முதல் 1561 வரை ஆண்ட முதற் சங்கிலியையும், 1619 இல் போர்த்துக்கேயரிடம் தோற்ற சங்கிலி குமாரனையும் ஒரே ஆளாக்கி வைத்திருக்கிறது. இடையில் இருந்த அரசர்கள் கரைந்துபோகிறார்கள். 1591 இல் போர்த்துக்கேயர் படையெடுத்து வந்து அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை இருத்தியது போன்ற பெரிய திருப்பங்களை இதிலிருந்து விளங்கிக்கொள்ள முடியாது. முத்திரைச் சந்தியில் குதிரை மேல் வாளோடு நிற்கும் சங்கிலியன் சிலையைப் பார்த்து "இது எந்தச் சங்கிலி?" என்று ஒரு பிள்ளை கேட்டால், வைபவமாலையை மட்டும் வாசித்த அப்பாவிடம் பதில் இருக்காது.

அந்த இடத்தில்தான் சுவாமி ஞானப்பிரகாசர் வருகிறார். மானிப்பாயில் 1875 இல் பிறந்த கத்தோலிக்கக் குருவானவர். பல மொழிகள் கற்றவர், போர்த்துக்கேயர் எழுதிவைத்தவற்றையும் புரட்டியவர். 1928 இல் அவர் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம், பெயர் சொல்வதுபோல, வைபவமாலையை எடுத்துப் பிரித்து மேய்கிறது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1926 இல், முதலியார் இராசநாயகம் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்தில் பெரிய நூல் ஒன்றை எழுதியிருந்தார். 1933 இல் தமிழிலும் யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதினார். இருவருக்கும் ஒத்துப்போகாத இடங்கள் ஏராளம். இராசநாயகம் யாழ்ப்பாண அரசின் பழமையைப் பின்னுக்குப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போவார். சுவாமி அதற்குச் சாட்சி எங்கே என்று கேட்பார்.

என் சொந்த ருசிக்கு இராசநாயகம் களைப்பூட்டுகிறார். உழைப்பு மலைப்பானது, ஆனால் கிரேக்கக் குறிப்பிலும் சங்கப் பாட்டிலும் கிடைத்த ஒவ்வொரு பெயரையும் ஏதோ ஒரு வடபகுதி ஊரோடு கட்டிவிடும் ஆர்வம் அவருக்கு அதிகம். சுவாமி வறட்சியாக எழுதுகிறார், ஆனால் ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது என்று கூடவே பழக்குகிறார். அவருக்கும் சாய்வு உண்டு. போர்த்துக்கேயப் பாதிரிமார் எழுதியதை அவர் நம்புகிற அளவுக்கு நான் நம்பமாட்டேன். மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சங்கிலி 1544 இல் கொல்வித்த நிகழ்வை வைபவமாலையில் ஒருதரமும் கத்தோலிக்கக் குருவின் எழுத்தில் இன்னொருதரமும் வாசித்துப் பாருங்கள். இரண்டு பேரும் கொலை நடந்தது என்கிறார்கள், அந்தக் கொலைக்குள் இரண்டு பேரும் காண்பது வேறுவேறு.

இதை நல்லூரில் வைத்துச் சோதித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் எப்படியும் நீங்கள் அங்கே போவீர்கள்.

கோயில் எப்போது, யார் கட்டியது? கைலாயமாலையோடு சேர்ந்து வரும் ஒரு தனிச்செய்யுள் சக வருடம் 870 என்கிறது, அதாவது கி.பி. 948, கட்டியவர் புவனேகவாகு. வைபவமாலை அந்தப் புவனேகவாகுவை முதல் ஆரிய அரசனோடு வந்த மந்திரி என்கிறது. ஞானப்பிரகாசர் பக்கத்து வாதம் வேறு. தெற்கே இருந்த கோட்டை இராச்சியத்து அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப்பெருமாள், சிங்களத்தில் சபுமல் குமாரயா, பின்னாளில் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையில் முடிசூடினார். நல்லூர்க் கோயிலைக் கட்டியவர் அவர்தான் என்பது அது. இனித் திருவிழாவில் கட்டியம், அதாவது உரத்த குரலில் சொல்லும் புகழ்மொழி, சொல்லும்போது காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் இன்றைக்கும் அதில் வரும். ஸ்ரீசங்கபோதி என்பது சிங்கள அரசர்கள் சூடிக்கொண்ட பட்டப்பெயர். இத்தனை ஆயிரம் சைவச் சனம் கைகூப்பி நிற்கும் முற்றத்தில், ஒவ்வொரு வருடமும், அந்தப் பெயர் உரத்துச் சொல்லப்படுகிறது. பெரும்பாலானோர் காதில் அது விழுவதில்லை.

அதோடு முடியவில்லை. நீங்கள் கும்பிடும் கோயில் அந்தப் பழைய கோயிலே இல்லை. பழையதை 1621 இல் பிலிப் டி ஒலிவேறா இடித்துப்போட்டான். அது இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இப்போது சென். ஜேம்ஸ் தேவாலயம் நிற்கிறது; அதன் பக்கத்தில் ப வடிவில் யமுனா ஏரி பாசி பிடித்துக் கிடக்கிறது. யமுனை நதியின் தீர்த்தத்தைக் கொண்டுவந்து அதில் சேர்த்ததாகக் கதை. இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல், இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவில் எழுப்பியது. வைபவமாலையின் காலமும் ஏறக்குறைய அதுதான் என்பதைக் கவனியுங்கள். இடிபட்ட கோயிலை ஒருவர் திரும்பக் கட்டிய அதே சில வருடங்களுக்குள், இடிபட்ட அரசின் கதையை இன்னொருவர் எழுதிவைத்திருக்கிறார். வைபவமாலையை 13 ஆம் நூற்றாண்டைப் பற்றிய சாட்சியாக வாசித்தால் ஏமாற்றம்தான். 18 ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தான் தன்னை எப்படி நினைத்துக்கொண்டான் என்பதற்குச் சாட்சியாக வாசித்தால் அதற்கு நிகரில்லை.

நல்லூரைச் சுற்றி இன்னும் இரண்டு உண்டு, மந்திரிமனையும் சங்கிலியன் தோப்பு வாசல் வளைவும். இரண்டையும் அரசர் காலத்தவை என்று சொல்லி ஓட்டோக்காரர் இறக்கிவிடுவார். மந்திரிமனையின் தூணையும் வளைவையும் மரவேலையையும் ஆறுதலாகப் பாருங்கள். ஐரோப்பியக் கை பட்டது வெளிப்படையாகத் தெரியும். விமர்சனத்தை வாசித்த கண்ணுக்கு இந்தச் சந்தேகம் தானாக வரும்.

இனி வெளியார் எழுதியது. இதில் தனித்து நிற்பவர் பிலிப்பு பால்தேயு. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தப் படையோடு வந்த புரொட்டஸ்தாந்துக் குரு. முற்றுகையைக் கண்ணால் கண்டவர். பிறகு சில வருடம் இங்கேயே ஊர் ஊராகத் திரிந்தார். 1672 இல் அம்ஸ்ரடாமில் அவர் நூல் வெளிவந்தது. 1703 இல் வந்த ஆங்கில வடிவம் குறைபாடானது. இலங்கைப் பகுதிக்கு 1960 இல் வந்த மொழிபெயர்ப்பைத் தேடுவது நல்லது.

பால்தேயுவை ஏன் விரும்புகிறேன் என்றால் படங்களுக்காக. தெல்லிப்பளை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சங்கானை, பண்டத்தரிப்பு என்று ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்தையும் பக்கத்தில் குருவின் வீட்டோடும் சுற்றி நிற்கும் மரங்களோடும் செப்புத்தகட்டில் செதுக்கிப் போட்டிருக்கிறார். கூடவே எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு. அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு சங்கானைக்குப் போங்கள். முருகைக்கல்லால் கட்டிய பழைய தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கல்லுக்குள்ளே கடல் தெரியும், சிப்பியும் முருகைக் கிளையும் அப்படியே. வட்டுக்கோட்டையில் அதே இடத்துப் பாழடைந்த கட்டிடத்தை 19 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க மிசனரிமார் எடுத்துத் திருத்தினார்கள். 1823 இல் செமினரியும் அங்கே தொடங்கியது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய படமும் இன்றைய கட்டிடமும் ஒரே பார்வைக்குள் விழுவது அரசர்களைப் பற்றிய எந்தப் புத்தகத்தாலும் தரமுடியாத ஒன்று.

அவருடைய கண்ணாடியையும் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும். எங்கள் சமயம் அவருக்கு அஞ்ஞானம். இந்து தெய்வங்களைப் பற்றிய பெரிய பகுதியை அவர் தானாக விசாரித்து எழுதவில்லை. பெனீசியோ என்ற யேசுசபைக் குருவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது என்று 1933 இல் அம்பலமாகிவிட்டது. அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். யாழ்ப்பாணக் கோட்டைக்கும் அவரை நம்பிப் போகாதீர்கள். அவர் முற்றுகை பார்த்தது போர்த்துக்கேயரின் சதுரக் கோட்டை. அதை இடித்து ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோணம் 1680 இல் முடிந்தது, வெளி அரண்கள் 1792 இல். கட்டி முடித்து மூன்றே வருடத்தில், 1795 இல், பெரிய சண்டையில்லாமல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த மதில்கள் உண்மையான முற்றுகையைக் கண்டது 1990 இல். உள்ளே 1706 இல் கட்டிய தேவாலயம் போரோடு போய்விட்டது.

போர்த்துக்கேயர் பக்கம் கெய்றோஸ் பாதிரியார் 1687 இல் முடித்த பெரிய நூல், 1930 இல் ஆங்கிலத்துக்கு வந்தது. அவர் இலங்கைக்குக் கால் வைத்ததேயில்லை, கோவாவிலிருந்து எழுதினார். பயணிக்கு வேண்டாம். ஒல்லாந்தத் தளபதி சுவார்டெக்றோன் 1697 இல் தன் பின்னவருக்கு எழுதிவைத்த நிர்வாகக் குறிப்பில் யானை, வரி, சாயவேர் என்று வியாபாரம்தான். அப்படியான விஷயத்தில் ருசி உள்ளவருக்கு நல்லது. காணி விற்கவோ பங்கு பிரிக்கவோ வருகிறவர்கள் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை வாசிப்பது புத்தி. பங்காளியைக் கேளாமல் காணி விற்க வெளிக்கிட்டு லீவு முழுவதும் சட்டத்தரணி வீட்டுத் திண்ணையில் கழித்தவர்களைக் கண்டிருக்கிறேன். நல்லூர்த் தேரையும் தவறவிட்டார்கள், பாவம்.

மூன்றாவது வழி, பல்கலைக்கழக ஆய்வு. யாழ்ப்பாண அரசைப் பற்றி பத்மநாதன் 1978 இல் ஆங்கிலத்தில் எழுதியது, குடியிருப்புகளின் தொல்லியலைப் பற்றி இரகுபதி 1987 இல் ஆங்கிலத்தில் எழுதியது, இந்திரபாலாவின் 2006 நூலான இலங்கையில் தமிழர். நம்பகம் என்று பார்த்தால் இவற்றுக்குத்தான் முதலிடம், அதில் வாதமில்லை. இந்திரபாலா 1965 இல் லண்டனில் கொடுத்த ஆய்வேட்டின் நிலைப்பாடுகளைப் பின்னாளில் தானே மாற்றிக்கொண்டு எழுதியவர் என்பதும் அந்த நூலுக்குத் தனி மதிப்பு. 1980 இல் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியிலிருந்து முத்திரையை எடுத்த பல்கலைக்கழகக் குழுவுக்கும் அவர்தான் தலைமை.

இந்த வகைக்கு ஒரு உதாரணம். நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறி எல்லோரும் போகிறோம். நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 12 ஆம் நூற்றாண்டில், தமிழில் போட்ட ஆணை. ஊராத்துறைக்கு யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவருக்கு. வேறு சரக்கு ஏற்றியதென்றால் பாதிக்குப் பாதி. இன்று நாங்கள் ஊர்காவற்றுறை என்கிற இடத்தில் அந்நிய வணிகரின் குதிரை இறங்கிய காலம் அது. சிங்கள அரசன், தமிழ்க் கல்வெட்டு, கடல் வாணிபச் சட்டம் என்று ஒரு கல்லுக்குள் இத்தனை இருக்கிறது. பாற்சோறும் அன்னதானமும் முடித்துக்கொண்டு அடுத்த படகுக்கு ஓடுகிற சனத்துக்கு இது தெரியாது, அதைச் சொல்லித் தர வைபவமாலையாலும் முடியாது.

பிறகு ஏன் இவற்றை முதலில் வாசிக்கச் சொல்லவில்லை? ஊரைக் காணாதவருக்கு இவை ஏறாது. கந்தரோடை என்று பக்கத்துக்குப் பக்கம் வரும்; சுன்னாகம் தாண்டி அந்தப் பனங்கூடலுக்குள் நெருக்கமாகக் குந்தியிருக்கும் சின்னச் சின்னக் கல் தூபிகளைக் கண்டவருக்கு அது ஒரு இடம், காணாதவருக்கு வெறும் பெயர். அடிக்குறிப்புக்குள் அகப்பட்டு ஐம்பதாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். திரும்பிப் போன பிறகு, மாரிக் குளிரில், அதே புத்தகத்தை எடுத்தால் கதை வேறு.

நாலாவதைப் புத்தகக் கடையில் தேடினால் கிடைக்காது. அது உங்கள் பெரியம்மா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அந்தியேட்டிக்கு, அதாவது செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியைக்கு, அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற சின்னப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். முன்பக்கத்தில் செத்தவரின் படம், திதி வெண்பா, பிறகு சிவபுராணம், பஞ்சபுராணம், அதற்குப் பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் மடித்து ஒட்டிய தாளில் வம்சாவளி. துருப்பிடித்த ஸ்ரேப்பிள் கம்பி தாளைத் தின்றிருக்கும். தேவாரத்துக்காக வைத்திருக்கிறோம் என்பார்கள். அந்த வாழ்க்கை வரலாற்றுப் பகுதியை வாசியுங்கள். மலாயாவில் ரயில்வே உத்தியோகம், திரும்பிவந்து கட்டிய கல்வீடு, எந்த வருடம் எந்தக் கோயிலுக்குக் கிணறு கட்டிக் கொடுத்தது, 95 இடப்பெயர்வில் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியது, எந்தப் பிள்ளை எந்த நாட்டில். கோயில் கும்பாபிஷேக மலரும் பள்ளிக்கூட நூற்றாண்டு மலரும் இதே இனம்தான். இவற்றில் பொய் குறைவு, புகழ்ச்சி அதிகம். தாண்டி வாசிக்கப் பழகினால் போதும்.

அதன் ஓட்டையும் பெரியது. கல்வெட்டு அச்சடிக்க வசதி இருந்த வீடுகளின் சரித்திரம் மட்டும்தான் அதில் இருக்கிறது. மேலே சொன்ன எல்லா வகைக்கும் இந்தக் குற்றச்சாட்டு வெவ்வேறு அளவில் பொருந்தும். மாவிட்டபுரத்துக் குதிரைமுகக் கதை எல்லோருக்கும் பாடம். அதே கோயில் வாசலில் 1968 இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகவிடாமல் மறிக்கப்பட்டு நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எத்தனை பேருக்குத் தெரியும்? ராசாக்களின் சரித்திரத்திலும் அது இல்லை, பெரிய வீட்டு மலரிலும் இல்லை. அதற்கு அந்தக் காலத்து இடதுசாரிச் சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் தேடிப் போக வேண்டும். பிள்ளைகளுக்குக் கோயில் கோபுரத்தைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிதான் காட்டியிருக்கிறீர்கள்.

யூரியூப் வீடியோக்களைப் பற்றிக் கேட்பார்கள். பாதைக்கும் சாப்பாட்டுக்கும் பாருங்கள்; சரித்திரத்துக்கு வேண்டாம். பெரும்பாலானவை பலகையில் இருப்பதைப் பார்த்து வாசிக்கின்றன.

கிடைப்பது எப்படி என்ற கேள்வி முந்தி பெரிய தலையிடி. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு எரிந்த யாழ் பொது நூலகத்தோடு 97,000 அளவு நூல்கள் சாம்பலாகின. பழைய பதிப்பு ஒன்று வேண்டுமென்றால் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரித்துத் திரிந்த காலம் உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் அதை மாற்றிவிட்டது. வைபவமாலை, இராசநாயகம், ஊர் மலர்கள், சஞ்சிகைகள், கல்வெட்டுகள்கூட ஸ்கான் செய்து இலவசமாகக் கிடக்கின்றன. போன் திரையில் பழைய அச்சை வாசிப்பது கண்ணுக்குக் கொடுமை. ரப்லெற் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொள்ளலாம்.

ஆக, என் தெரிவு. தமிழ் சரளமாக வாசிக்கக்கூடியவர் வைபவமாலையையும் அதற்குப் பக்கத்தில் ஞானப்பிரகாசரின் விமர்சனத்தையும் எடுங்கள். விமர்சனம் முழுக்க வேண்டாம், நல்லூரும் சங்கிலியும் வரும் பகுதிகள் போதும். ஒரு புத்தகத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்தால் அது சொன்னதைத்தான் ஊரில் தேடுவீர்கள். இரண்டு புத்தகம் முட்டிக்கொள்வதை வாசித்துவிட்டு வந்தால் நீங்களாகப் பார்க்கத் தொடங்குவீர்கள். பலகையில் எழுதியிருப்பதைக் கேள்வி கேட்பீர்கள், ஐயரிடம் கேட்பீர்கள், கட்டியத்துக்குக் காது கொடுப்பீர்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு பிரிட்டோவின் மொழிபெயர்ப்பும் பால்தேயுவின் படங்களும். படத்தில் உள்ள இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலையை அவர்களிடமே விட்டால் வெயிலைப் பற்றி முறைப்பாடு குறையும். கொழும்பிலிருந்து சனி ஞாயிறுக்கு ஓடிவருகிறவர் எதையும் வாசிக்கத் தேவையில்லை. நயினாதீவுக் கல்வெட்டு ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தால் போதும். பல்கலைக்கழக நூல்களை எல்லோருமே திரும்பிப் போகும்போது வாங்குங்கள். யாழ் நகரக் கடைகளில் இந்திரபாலா கிடைக்காவிட்டால் கொழும்பில் விசாரியுங்கள். கனமான புத்தகம், கைப்பையில் வைக்க இடம் ஒதுக்குங்கள்.

அந்தியேட்டிக் கல்வெட்டு மட்டும் வரமுன் வாசிக்கக்கூடியதல்ல, வந்துதான் வாசிக்க வேண்டும். வந்த முதல் கிழமையிலேயே கேளுங்கள், கடைசி நாளில் கேட்டால் அலுமாரித் திறப்பு யாரிடம் என்றே தெரியாது. கையில் கிடைத்ததும் வம்சாவளித் தாளை மடிப்பு கிழியாமல் விரித்து, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். மூலத்தை விமானத்தில் கொண்டுபோகாமல் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, படத்தை ஒன்றுவிட்ட சகோதரங்கள் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள். பெயர் விடுபட்ட ஆட்களை அவர்களே எழுதி அனுப்புவார்கள், சண்டையோடு.